அடைத்த குறி

அஹமது கபீர் மரைக்காயர் ஒரு பத்திரிகை தொடங்க, ஒரு தொழிலில் நாற்பது பேர் இருந்தால் போதும். அந்த நாற்பது பேரில் ஒருவருக்கு எழுத்துக்கூட்டத் தெரிந்திருந்தால் அது உபரி.

டன்லப் ஸ்ட்ரீட்டில், பள்ளிவாசலுக்கு நான்கு கடை தள்ளி அவருடைய அச்சுக்கூடம். கீழே அச்சு, மேலே வீடு. 1908ஆம் வருஷம் அங்கிருந்து மாதப் பத்திரிகைகள் மூன்று வந்துகொண்டிருந்தன. ஒன்று மாட்டுத் தரகர்களுக்கு. எந்தக் கப்பலில் எத்தனை காளை இறங்கியது, எந்தக் கொட்டகையில் கோமாரி என்பதைத் தவிர அதில் வேறு விஷயம் இருக்காது. இன்னொன்று கப்பல்களுக்குக் கயிறும் தாரும் விற்கிறவர்களுக்கு. பெரிய பத்திரிகைக்காரர்கள் அவரை டிராமில் பார்த்தால், இந்த மாதம் கயிறு எத்தனை முழம் வளர்ந்திருக்கிறது என்று விசாரிப்பார்கள். கபீர் முழக்கணக்கைச் சரியாகச் சொல்லிவிட்டு இறங்கிப் போவார்.

அவரும் பெரிய பத்திரிகையில் அச்சுக்கோத்தவர்தான். நாகூரிலிருந்து பத்தொன்பது வயதில் வந்து, இரண்டு பத்திரிகைகள் மூடப்படுவதை உள்ளிருந்தே பார்த்தவர். ஊரெல்லாம் படிக்கும் பத்திரிகையை ஊரெல்லாம் மறந்துவிடும். நாற்பது பேருக்கென்று அடிப்பதை அந்த நாற்பது பேரும் தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்வார்கள். இருபது வருஷத்தில் அவர் கற்றது இதுதான்.

மூன்றாவது பத்திரிகையின் பெயர் ‘சலவை மித்திரன்’. நான்கு பக்கம். டோபி காட் ஓடைக்கரையில் துவைக்கிறவர்களுக்கும், மலாக்கா, பினாங்கு, கிள்ளான் சலவைக்காரர்களுக்கும் போனது. முதல் பக்கத்தில் சவுக்காரம், சோடா விலை. இரண்டாம் பக்கத்தில் மாங்காய்க் கறை, மைக்கறை போக்கும் வழி. ஓடைக்கரையின் தலைவரான மருதப்பனின் முழங்கால் வலியை வைத்துக் கணிக்கப்பட்ட மழை நிலவரமும் அங்கேதான். ஆனால் அந்தப் பத்திரிகையை வாங்கியவர்கள் வாங்கியது கடைசி இரண்டு பக்கத்துக்காக. அவற்றில் எழுத்தே கிடையாது. குறிகள்தான்.

ஒவ்வொரு வீட்டுத் துணிக்கும் ஒரு குறி உண்டு. இரண்டு புள்ளி, ஒரு கோடு, ஒரு வளையம், மேலே ஒரு வால், இப்படி. டோபி அதைச் சேராங்கொட்டைச் சாற்றால் துணியின் ஓரத்தில் இட்டுவிட்டால் துணி கிழியும்வரை அது போகாது. ஓடையில் நூறு வீட்டுத் துணி கலந்தாலும் குறியைப் பார்த்துப் பிரித்துவிடுவார்கள். மூன்றாம் பக்கத்தில் புதுக் குறிகளும், வழிதவறி வந்த துணிகளின் குறிகளும். நான்காம் பக்கத்தில் கறுப்புக் கட்டத்துக்குள் அடைத்த குறிகள்.

ஒரு வீட்டில் எல்லாரும் செத்துப்போனால் அந்தக் குறியை அடைத்துவிடுவார்கள். காலரா வந்த வருஷங்களில் இது அடிக்கடி நடந்தது. அடைத்த குறியுள்ள துணி எந்த மூட்டையில் வந்தாலும் துவைக்கமாட்டார்கள். உச்சிப்பொழுதில் கரையில் வைத்துச் சூடம் கொளுத்தி எரிப்பார்கள். எரிந்து முடியும்வரை ஒரு கல்லிலும் துணி விழாது. அதற்குப் பிறகு அந்த வீட்டுக்காரரின் பெயரை ஓடைக்கரையில் யாரும் சொல்லக்கூடாது. முன்பெல்லாம் இந்தச் செய்தி வாய்வழியாகப் போய்ச் சேர ஆறு மாதம் ஆகும். கபீரின் பத்திரிகை வந்தபிறகு கிள்ளான்வரை ஒரு வாரம்.

கபீருக்கு இதில் நம்பிக்கை ஒன்றும் இல்லை. அவர் ஐந்து வேளை தொழுகிறவர். ஆனால் ஒரு தொழிலின் வழக்கத்தை அந்தத் தொழில்காரர்களைவிடத் துல்லியமாக அச்சிடுவதில் அவருக்கு ஒரு கர்வம் இருந்தது. குறிகளுக்கு ஈய எழுத்து கிடையாது என்பதால் ஒவ்வொன்றையும் பேனாக்கத்தியால் மரத்துண்டில் அவரே வெட்டுவார்.

ஐப்பசி இதழ் ஒரு செவ்வாய்க்கிழமை முடிய வேண்டும். பன்னிரண்டு மணிக்குப் பினாங்குக் கப்பலுக்குத் தபால் மூட்டை கட்டிவிடுவார்கள். பத்தரைக்கு நான்காம் பக்கத்தைச் சட்டத்தில் பொருத்தியபோது கட்டம் பன்னிரண்டு, குறி பதினொன்று. வழக்கமாக மிச்சமுள்ள கட்டத்தில் ஒரு பூக்கட்டையை வைத்து இறுக்குவார். பூக்கட்டைகள் எல்லாம் ஒரு கல்யாணப் பத்திரிகையில் மாட்டிக்கொண்டு மேஜையின் மறுகோடியில் கிடந்தன. அதைப் பிரித்தால் கல்யாணக்காரருக்கு மாலைக்குள் கொடுக்க முடியாது. வெறும் துண்டை வைத்து இறுக்கலாம். ஆனால் கறுப்புக் கட்டத்துக்குள் ஒரு வெள்ளைக் குழி, யாருக்காகவோ வெட்டி வைத்ததுபோல் இருந்தது. அவருக்கு அது பிடிக்கவில்லை.

கையில் கத்தி இருந்தது, மரம் இருந்தது. ஒரு பிறைக்கோடு, அதற்குக் கீழே மூன்று புள்ளி, அடியில் ஒரு சிறு வெட்டு. மூன்று நிமிஷம்கூட ஆகவில்லை. எந்த வீட்டுக்கும் இல்லாத குறியாக இருக்கவேண்டும் என்று பழைய இதழ்களைப் புரட்டிப் பார்த்துக்கொண்டார். இல்லை. வைத்து இறுக்கி, மை தடவி, அடித்து, பதினொன்றே முக்காலுக்குத் தபாலில் சேர்த்துவிட்டுச் சாப்பிடப் போனார். சலவை மித்திரனின் ஐந்து வருஷத்தில் அவர் இட்டுக்கட்டி அச்சிட்ட ஒரே விஷயம் அந்தக் குறி.

பத்து நாள் கழித்து, அடுத்த இதழுக்குத் தகவல் வாங்க ஓடைக்கரைக்குப் போனார். வெயில் நெட்டுக்குத்தாக நின்றது. அறுபது கல்லிலும் துணி அடிக்கும் சத்தம் ஆர்ச்சர்ட் சாலைவரை கேட்டுக்கொண்டிருந்தது. அவர் பாலத்தில் கால் வைத்ததும் அது நின்றது.

ஒன்றன்பின் ஒன்றாக நிற்கவில்லை. எல்லாம் ஒரே சமயத்தில் நின்றது. ஈரத்துணியைக் கையில் பிடித்தபடி ஆட்கள் அப்படியே நின்றார்கள். ரிக்ஷா மணியும் தண்ணீர் ஓடுவதும் மட்டும் கேட்டன. கரையில் சூடம் எரிந்தது. அதன்மேல் ஒரு வெள்ளைக் கோட்டு, ஒரு மஞ்சள் சேலை, ஒரு தலையணை உறை. கபீர் கிட்டே போய் நின்றார். சேலையின் முனை சுருண்டு திரும்பியபோது, ஓரத்தில் ஒரு பிறை, மூன்று புள்ளி, அடியில் ஒரு வெட்டு. கண் இமைப்பதற்குள் அது கருகிவிட்டது.

 எரிந்து முடிந்ததும் துணிகள் மறுபடி கல்லில் விழத் தொடங்கின. மருதப்பன் கையைக் கழுவிக்கொண்டு வந்தார். ஐம்பத்தைந்து வயது, கால் விரலெல்லாம் நீரில் ஊறி வெளுத்தவர். யார் வீட்டுத் துணி என்று கபீர் கேட்டார். மருதப்பன் அவரை விசித்திரமாகப் பார்த்தார்.

“பேரு சொல்லக்கூடாது, மரைக்காயரே. உங்க பத்திரிகைலதான் போட்டிருந்துச்சு. தஞ்சோங் பகார் ஆளு துணியக் கொண்டாந்து குடுத்தான். சேதி உங்களுக்கு யாரு சொன்னது?”

“கடுதாசி வந்துச்சு,” என்றார் கபீர்.

அந்த ஒரு பொய்யை அவர் யோசிக்காமல் சொன்னார். சொன்னபிறகு திரும்ப எடுக்க வழியில்லை. நான்காம் பக்கத்தில் அடைத்த குறி என்று ஒன்று பொய்யாக வந்தது தெரிந்தால், மற்ற பதினொன்றையும் யார் நம்புவார்கள்? ஐந்து வருஷத்துக் குறிகளையும் யார் நம்புவார்கள்? வீட்டுக்கு நடந்து வரும்போது தனக்குத்தானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டார். பிறையும் புள்ளியும் யாருக்கும் தோன்றக்கூடிய உருவங்கள்தான். தற்செயலாக ஒத்துப்போயிருக்கும். ஒருவேளை அந்த வீட்டில் நிஜமாகவே யாரும் உயிரோடு இல்லையோ என்னவோ. இந்த இரண்டாவது சமாதானம் வந்தபோது அவர் நடையை நிறுத்தி, ஒரு வெற்றிலைக் கடை நிழலில் கொஞ்சநேரம் நின்றார்.

மூன்றாம் நாள் அந்த வீட்டுக்காரி அவருடைய அச்சுக்கூட வாசலில் வந்து நின்றாள்.

இருபத்திரண்டு வயதிருக்கும். நிறைமாத வயிறு. பெயர் சந்திரமதி. புருஷன் சுப்பிரமணியம், தஞ்சோங் பகார் கிடங்கில் கணக்கெழுதும் கிராணி. நாகப்பட்டினத்திலிருந்து வந்து ஏழு மாதம். முதல் பிள்ளை ஊரிலேயே பிறந்து இறந்துபோனது. இதையெல்லாம் கபீர் கேட்காமலே சொன்னாள். கபீரின் மனைவி மைமூன் மாடியிலிருந்து இறங்கி வந்து அவளைப் பலகையில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள்.

நடந்தது இதுதான். இரண்டு வாரத்துக்கு முன் எடுத்துப்போன துணியை டோபி திருப்பித் தரவில்லை. வழியில் கண்டு கேட்டபோது பதிலும் சொல்லவில்லை. அவளே ஓடைக்கரைக்குத் தேடிப் போனாள். பெண்கள் துணியைக் கீழே போட்டுவிட்டு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். அவள் கடந்துபோன இடத்தில் பின்னாலேயே தண்ணீர் தெளித்தார்கள்.

“அந்த டோபி என்னைப் பாத்தாரு, பாய். ஆனா பாக்கல. எனக்குப் பின்னாடி இருக்கற செவுத்தப் பாக்கறமாதிரி பாத்தாரு,” என்றாள்.

துணியைத் தானே துவைத்துக்கொள்ளலாம். அதற்காக அவள் வரவில்லை. பிரசவத்துக்கு மருத்துவச்சியைக் கேட்டிருந்தாள். டோபி நுழையாத வீட்டுக்குத் தான் வரமாட்டேன் என்று மருத்துவச்சி சொல்லிவிட்டாள். பேற்றுத் துணியை எடுக்கவும் மாற்றுத் துணி கொடுக்கவும் சலவைக்காரி வந்தால்தான் தீட்டு கழியும். அவள் வராத வீட்டில் பிள்ளை எடுத்தால் அந்தத் தீட்டு எடுத்தவள் கையோடு போகும். ஆஸ்பத்திரி என்றால் சந்திரமதிக்கு உதறல். பக்கத்து வீட்டுப் பெண்களும் இப்போது கதவைப் பாதி சாத்திக்கொண்டே பேசுகிறார்கள். இன்னும் இருபது நாள் இருக்கிறது.

“துணிய எரிச்ச அன்னிக்கி மத்தியானத்துலேருந்து வயித்துல அசைவு கொறஞ்சுபோச்சு,” என்றாள். பிறகு கபீரை நிமிர்ந்து பார்த்தாள். “உங்க புஸ்தகத்துலதான் அடைச்சிருக்குன்னு சொல்றாங்க. நாங்க உசுரோட இருக்கோம்னு போடுங்க. வேற ஒண்ணும் வேணாம்.”

போடுகிறேன் என்றார் கபீர். அவள் போனபிறகு மைமூன், செம்பைக் கவிழ்த்து வைத்துவிட்டு, அடைப்புச் சேதி வந்ததாக அவர் சொல்லியிருந்த கடுதாசியைக் காட்டச் சொன்னாள். அவள் புருஷனைப் பதினெட்டு வருஷமாக அறிந்தவள். கபீர் காட்டவில்லை. காட்டுவதற்குக் கடுதாசியே இல்லை, குறியைத் தானே வெட்டியது என்று சொன்னார்.

மைமூன் கத்தவில்லை. “நாளைக்கே போயி அந்த மனுஷன்கிட்ட உள்ளதச் சொல்லுங்க. பத்திரிகை போனாப் போவுது. கயித்துப் பத்திரிகை இருக்குல்ல, அதுல தொங்கிக்கலாம்.”

மறுநாள் காலை கபீர் ஓடைக்கரையில் மருதப்பனைத் தனியே அழைத்து எல்லாவற்றையும் சொன்னார். கட்டம் காலியாக இருந்தது, கப்பலுக்கு நேரமாகிவிட்டது, மனசில் தோன்றியதை வெட்டினேன், கடுதாசி ஒன்றும் வரவில்லை. சந்திரமதியின் நிலையையும் சொன்னார். ஆட்களைக் கூட்டிக் கூச்சலிடுவார், பத்திரிகையைக் கிழித்துப் போடுவார் என்று எதிர்பார்த்தார். மருதப்பன் கல்லின்மேல் உட்கார்ந்தார்.

“என்னிக்கி வெட்டினீங்க?”

“செவ்வாக்கெழம. பத்தரைக்கு மேல.”

மருதப்பன் எழுந்துபோய், மூட்டை பிரித்துக்கொண்டிருந்த தஞ்சோங் பகார் டோபியைக் கூட்டி வந்தார். அவனுக்கு எழுத்துத் தெரியாது. மரைக்காயர் அச்சுக்கூடம் எந்தத் தெருவில் இருக்கிறது என்பதும் தெரியாது. இந்த வீட்டுக்குக் குறி எப்போது இட்டாய் என்று மருதப்பன் கேட்டார். அதுவரை அவர்கள் மூட்டையைக் குறியில்லாமல் தனியாகக் கட்டி வந்தானாம். ஐப்பசி முதல் செவ்வாயன்று, மழை விட்டபிறகு, சேராங்கொட்டையை உடைத்து இட்டானாம். மழை விட்டது பத்தரைக்கு என்பது கபீருக்கும் நினைவிருந்தது. எதைப் பார்த்து இட்டாய்? எதையும் பார்க்கவில்லை, கைக்கு வந்ததை இட்டேன் என்றான்.

இரண்டு மைல் இடைவெளியில், ஒருவன் ஒரு வீட்டைத் திறந்த அதே நேரத்தில், இன்னொருவர் அதை அடைத்திருக்கிறார். கபீருக்குக் கைகளைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொள்ளவேண்டும்போல் இருந்தது.

தப்பாக அச்சாகிவிட்டது, குறி திறந்தே இருக்கிறது என்று கார்த்திகை இதழில் போட்டுவிடுகிறேன் என்றார். மருதப்பன் தலையை அசைத்தார். அடைத்த குறியைத் திறக்கும் வழக்கம் கிடையாது. அன்றைக்கு ஒரு வார்த்தை, இன்றைக்கு ஒரு வார்த்தை என்று கரையில் மாற்றிச் சொல்ல முடியாது. தவிர, துணி எரிந்துவிட்டது; நூற்றிருபது பேர் கை நிறுத்தி நின்றிருக்கிறார்கள்.

“அந்தப் பொண்ணுக்குப் புதுக் குறி குடுக்கலாம். கப்பல்லேருந்து இன்னிக்கித்தான் எறங்கினமாதிரி வெச்சுக்கலாம். அது ஒண்ணும் கஷ்டமில்ல. ஆனா அடைச்ச குறி சும்மா நிக்காது, மரைக்காயரே. அதுக்கு ஆளு வேணும். ஆளில்லாம விட்டா மறுபடி அந்த வீட்டுக்குத்தான் போவும், அவ வயித்துக்குப் போவும்.”

“யாரு எடுத்துப்பாங்க அத?”

மருதப்பன் குனிந்து காலடிக் கல்லைக் கழுவினார். கபீர் தாமே சொல்லட்டும் என்று காத்திருந்ததாகப் பின்னால்தான் அவருக்குப் புரிந்தது.

“எனக்கே போட்டுடுங்க,” என்றார் கபீர். “வெட்டினது என் கை.”

தனியாளாக இருப்பவர்களுக்கு ஒற்றைக் குறி என்று ஒன்று உண்டு, உங்கள் சட்டைக்கு மட்டும் இடுகிறேன், வீட்டம்மா துணிக்கு வேண்டாம் என்றார் மருதப்பன். இரண்டு நாள் யோசித்துச் சொல்லுங்கள் என்றும் சொன்னார். கபீருக்கு யோசிக்க எதுவும் இருப்பதாகத் தோன்றவில்லை. போவது ஆறு சட்டை. இனி அவர் துணியை டோபி எடுக்கமாட்டான். மைமூன் கொஞ்சநாள் முணுமுணுத்துவிட்டுத் துவைத்துப் போடுவாள். ஒரு பெண்ணும் பிள்ளையும் பிழைத்தால் இது ஒரு விஷயமா? பத்திரிகையும் தப்பியது. மனசு லேசாகி, வழியில் பலகாரம் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

மைமூன் கேட்டுவிட்டுப் பலகாரத்தைத் தொடவில்லை.

“உங்களையே செத்த மய்யித்தா எழுதிக் குடுத்துட்டு வந்திருக்கீங்க,” என்றாள். “உசுரோட இருக்கறவங்க செய்யற காரியமா இது?”

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்கு முன், கபீர் தம்முடைய ஆறு சட்டைகளையும் ஒரு மூட்டையாகக் கட்டிக்கொண்டு போனார். மருதப்பனின் மனைவி தங்கம் ஒவ்வொன்றின் ஓரத்திலும் பிறையும் புள்ளியும் வெட்டும் இட்டாள். அதற்குள் சந்திரமதி வீட்டுக்குப் புதுக் குறி ஒன்று முடிவாகியிருந்தது. கபீர் அதைத் தாளில் வரைந்துகொண்டார். கார்த்திகை இதழில் மூன்றாம் பக்கத்தில் முதலாவதாக வரும் என்றார். மருதப்பன் சோடா விலையைப் பற்றிப் பேசினார். ஜெர்மன் சோடா வந்திருக்கிறது, துணியைத் தின்கிறது, அதைக் கட்டாயம் எழுதவேண்டும் என்று வற்புறுத்தினார். எந்தக் கடையில் விற்கிறார்கள் என்று கபீர் கேட்டார். மருதப்பன் கடைப் பெயரைச் சொல்ல வாயெடுத்தார். அப்போது சூடம் பற்றிக்கொண்டது.

சத்தம் நின்றது.

இந்தத் தடவை கபீர் அதற்கு உள்ளே நின்றார். தம் சட்டைகளின் கைகள் வெப்பத்தில் ஒவ்வொன்றாக எழும்பி மடங்குவதைப் பார்த்தார். ஒரு பொத்தான் வெடித்தது. கரையில் நின்ற அத்தனை பேரும் தீயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவரை ஒருவரும் பார்க்கவில்லை. சாம்பலைத் தண்ணீரில் தள்ளியதும், முதல் துணி கல்லில் விழுந்தது. பிறகு எல்லாக் கல்லிலும்.

“எந்தக் கடைன்னு சொல்ல வந்தீங்களே, மருதப்பண்ணே,” என்றார் கபீர்.

மருதப்பன் குனிந்து ஒரு போர்வையை முறுக்கிப் பிழிந்தார். காது கேட்கவில்லையோ என்று கபீர் இன்னும் கிட்டே போய்க் கூப்பிட்டார். மருதப்பன் நிமிர்ந்தார். அவர் கண்கள் கபீரின் முகத்துக்கு வந்து, நிற்காமல், தடுக்காமல், பின்னாலிருந்த பாலத்துக்குப் போயின. அதில் கோபமோ நடிப்போ துளியும் இல்லை. அவ்வளவு நேரமும் கதை பேசிக்கொண்டிருந்த மனிதர் அங்கே வெயிலைத்தான் பார்த்தார். கபீர் தோளைத் தொடக் கையை நீட்டி, தொட்டால் என்ன ஆகும் என்று தெரியாமல், இழுத்துக்கொண்டார். அவர் நகர்ந்த இடத்தில் ஒரு பெண் தண்ணீர் தெளிப்பது முதுகுக்குப் பின்னால் கேட்டது.

சந்திரமதிக்குப் பெண் பிறந்தது. மருத்துவச்சி வந்தாள், தங்கம் பேற்றுத் துணியை எடுத்தாள், தாயும் பிள்ளையும் நலம் என்று சுப்பிரமணியம் ஒரு டின் பிஸ்கோத்துடன் வந்து சொல்லிவிட்டுப் போனான். தீ அணைந்த அன்று மத்தியானமே வயிற்றில் பிள்ளை உதைத்ததாம். அவனுக்குக் கபீரை நன்றாகத் தெரிந்தது. கையைப் பிடித்துக்கொண்டு பேசினான். கபீர் அந்தக் கையை விட மனமில்லாமல் கொஞ்சம் அதிகநேரம் பிடித்துக்கொண்டிருந்தார்.

சலவை மித்திரன் நிற்கவில்லை. இதைத்தான் அந்தத் தெருவில் இருந்த மற்ற அச்சுக்கூடக்காரர்களால் புரிந்துகொள்ள முடியவில்லை. கார்த்திகை இதழுக்கான குறிகள் வழக்கம்போல் வந்தன. ஒரு டோபி உள்ளே வருவான். மேஜைமேல் துணித்துண்டை வைத்து, “ரெண்டு அடைப்பு, ஒரு புதுசு” என்று அறைக்குப் பொதுவாகச் சொல்லிவிட்டுப் போவான். கபீர் எதிரே உட்கார்ந்து எழுதிக்கொள்வார். ஆரம்பத்தில் சந்தேகம் கேட்டுப் பார்த்தார். பதில் வராது, ஆனால் அடுத்த நாள் கதவுக்கடியில் ஒரு சீட்டு கிடக்கும். கிள்ளானிலிருந்தும் பினாங்கிலிருந்தும் வரும் கடிதங்களில் முன்பு ‘கபீர் பாய் அவர்களுக்கு’ என்று இருந்தது. தை மாதத்திலிருந்து ‘அச்சுக்கூடத்துக்கு’ என்று மட்டும் இருந்தது. இதழில் பிழை இருந்தால் கரையில் யாரும் அவரைத் திட்டவில்லை. நன்றாக இருந்தால் பாராட்டவும் இல்லை. பத்திரிகை தானாக விளைவதுபோல் வாங்கிக்கொண்டு போனார்கள்.

வழியில் அவர்கள் எதிரே வந்தால் அவர்தான் விலகவேண்டும். ஒருமுறை சிராங்கூன் சாலையில் விலகாமல் நின்று பார்த்தார். தலையில் மூட்டையோடு வந்தவன் நேராக அவர்மேல் மோதி, தடுமாறி, கீழே கல் ஏதும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு நடந்தான். அன்று முழுக்கக் கபீர் மாட்டுத் தரகர்களிடம் போய்த் தேவையில்லாத கேள்விகளாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர்கள் பதில் சொல்லச் சொல்ல அவருக்கு மூச்சு வந்தது.

மைமூன் துணிக்குப் பழைய குறி அப்படியே இருந்தது. அதை எடுக்கத் தங்கம் திங்கள்தோறும் வந்தாள். கபீர் மாடியில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் நேரம் அது. முதல் திங்களன்றே தங்கம் மைமூனின் எதிரில் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தி, ராத்திரி தூக்கம் வருகிறதா, துணைக்கு ஊரிலிருந்து யாரையாவது வரச்சொன்னீர்களா என்று விசாரித்தாள். மைமூனுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அவர் இதோ உட்கார்ந்து சோறு தின்கிறார், கண் தெரியவில்லையா என்று கேட்டாள். தங்கம் அவள் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டு, “அப்படித்தான் இருக்கும் நாச்சியாம்மா, கொஞ்சநாளைக்கு அப்படித்தான் தோணும்,” என்றாள். கபீர் சோற்றுக் கையோடு சிரித்துவிட்டார். மைமூன் சிரிக்கவில்லை.

தங்கம் கெட்டவள் இல்லை. வாராவாரம் ஏதாவது கொண்டுவருவாள். முருங்கைக்கீரை, நாலு எலுமிச்சம்பழம். புருஷன் இல்லாத வீட்டுக்குக் கொண்டுவருவதுபோல் கொண்டுவந்தாள். மைமூன் முதல் வருஷம் சண்டை போட்டாள். இரண்டாம் வருஷம் பேச்சை மாற்றினாள். மூன்றாம் வருஷம் கேட்டுக்கொண்டிருந்தாள். கபீர் சத்தமாக நீர் கேட்பார், தட்டைத் தட்டுவார். மைமூன் நீர் கொண்டுவந்து வைப்பாள். ஆனால் தங்கம் இருக்கும்போது அவருக்குப் பதில் சொல்லுவதை எப்போதிருந்து நிறுத்தினாள் என்று அவருக்கு நினைவில்லை.

நான்காம் வருஷம் ஒரு திங்கட்கிழமை. மழை பிடித்துக்கொண்டதால் தங்கம் மூட்டையைக் கட்டிவைத்துவிட்டுப் படியருகே உட்கார்ந்திருந்தாள். கபீர் அவர்களுக்கு மூன்றடி தள்ளி மீன் ஆணம் ஊற்றிச் சோறு பிசைந்துகொண்டிருந்தார். சந்திரமதியின் பெண் இப்போது கதையெல்லாம் சொல்வதாகவும், வாய் மூடுவதில்லை என்றும் தங்கம் சொன்னாள். இரண்டு பெண்களும் கொஞ்சம் சிரித்தார்கள்.

“நல்ல மனுசன்,” என்றாள் தங்கம், மழையைப் பார்த்துக்கொண்டு. “இருந்தவரைக்கும் யாரையும் ஒரு சொல்லு கடிஞ்சு பேசினதில்ல.”

மைமூன் மறுத்துச் சொல்ல வாயைத் திறப்பாள் என்று கபீர் கையை நிறுத்திக் காத்திருந்தார். அவள் மெல்லத் திரும்பி அவர் உட்கார்ந்திருந்த பக்கம் பார்த்தாள். கொஞ்சநேரம் பார்த்தாள். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “ஆமா,” என்றாள்.